கப்பல் சுவரில் மண்ணாங்கட்டி

காலடிப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவந்த பூவம்மாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல அந்தத் தெருவில் ஒருத்தரும் இல்லை. வாய் அப்படி. மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற வீட்டம்மாவிடம், "பாத்துட்டு இன்னா, அதுக்கு ஜாதகமா எய்தப் போற?" என்பாள். இரண்டு தரம் பேரம் பேசினால் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவாள். என் மனைவி குணசுந்தரிக்கு அவளைக் கண்டால் பயம். எனக்கும் பயம்தான். ஆனால் நான் கோட்டுப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிற ஆள் என்பதால் அதை வெளியே காட்டிக்கொள்வதில்லை.

அந்தக் கோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் கருணாகரன். கடற்கரைச் சாலையில் ஒரு கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் குமாஸ்தா. நாங்கள் பார்த்துக்கொண்ட கப்பல்களில் பெரிய பவிசுக்காரி 'லேடி மார்ஜரி'. சரக்கு ஏற்றாது, தபால் ஏற்றாது. செய்வதற்கு வேலையில்லாத வெள்ளைக்காரப் பணக்காரர்களை ஏற்றிக்கொண்டு உலகத்தைச் சுற்றி வரும். வருஷத்துக்கு ஒரு தரம், மாசி மாதத்தில், சென்னைத் துறைமுகத்தில் இரண்டு நாள் நிற்கும். அந்த இரண்டு நாளும் ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு உள்ளே போய்ப் பார்க்கப் பாஸ் உண்டு. பாஸுக்காக ஜரிகைத் தலைப்பாகையோடு வக்கீல்களும் மிட்டாதார்களும் எங்கள் ஆபீஸ் படியில் காத்துக் கிடப்பார்கள். அவர்களை அழைத்துப் போய், எதைப் பார்க்க வேண்டும், எதற்கு வாயைப் பிளக்க வேண்டும் என்று சொல்வது என் வேலை. அதற்கென்று மேனேஜர் துரை ஒரு வழவழப்பான புத்தகம் கொடுத்திருந்தார். அதை நான் நெட்டுருப் போட்டிருந்தேன்.

என்ன அலங்காரம் என்கிறீர்கள்? நடுக்கூடத்தில் குளிர் காய ஒரு கணப்பு. வெளியே துறைமுகத்துக் கூலிகளுக்குத் தார் உருகிக் காலில் ஒட்டுகிறது. உள்ளே கணப்பில் பொய்க்கரி அடுக்கி, கரிக்கு நடுவில் சிவப்பு விளக்குப் போட்டிருந்தார்கள். கூரையில் ஆகாயம் வரைந்திருந்தார்கள். இரண்டு எட்டு வைத்து வெளியே வந்தால் நிஜமான ஆகாயம் சும்மா கிடக்கிறது, அதை ஏறிட்டுப் பார்க்க நாதியில்லை. வரைந்த மேகத்துக்கு நடுவே அரைஞாண்கூட இல்லாத கொழுத்த குழந்தைகள், முதுகில் புறா இறக்கை. வரிசையாகப் பச்சைச் சலவைக்கல் தூண்கள். ஒரு மிட்டாதார் தூணைக் கட்டிப்பிடித்துத் தடவி, "கல்லுன்னா இதுவல்லவோ கல்லு!" என்று உருகினார். "இத்தாலியிலிருந்து வந்தது" என்றேன் நான். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

1933-ஆம் வருஷம் வந்தபோது சாப்பாட்டு மண்டபத்தில் புதிதாக ஒரு படம். ஒரு சுவர் நீளத்துக்கு இருந்தது. நீலக் கடல், தென்னை மரங்கள், மணலில் ஏற்றிய கட்டுமரம், பழக்கூடையோடு ஒரு பெண், துடுப்பில் சாய்ந்து நிற்கும் ஒரு மீன்காரன். ஆட்கள் முக்கால் ஆள் உயரம். புத்தகத்தில் இதற்கு 'கீழைக் கடலோரத்தின் களிப்பு' என்று பெயர். முதல் நாள் மட்டும் ஐந்து கூட்டத்துக்கு முன்னால் நின்று, "வர்ணச் சேர்க்கையைக் கவனியுங்கள்" என்றேன். எல்லாரும் கவனித்தார்கள். ஒருத்தருக்கும் ஒரு மண்ணும் தெரியவில்லை, எனக்கும் சேர்த்து.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் பூவம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கூடை இல்லை. கூடை இல்லாமல் அவளை நான் பார்த்ததே அன்றைக்குத்தான்.

"நைனா, நீ அந்த வெள்ளக் கப்பலாண்ட தான வேல செய்ற?"

"ஆமா. இன்னா இப்ப?"

"என்ன உள்ள இட்டுகினு போ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வக்கீல்களே கால்கடுக்க நிற்கிற இடத்துக்கு மீன்காரி பாஸ் கேட்கிறாள். "அங்க இருக்கறதெல்லாம் கலை, பூவம்மா. அதெல்லாம் உனக்குப் புரியாது" என்றேன். இதை எழுதும்போது என் வாயில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"உன் கலைய நீயே வச்சிக்க. நான் ஒரு ஆளோட காதப் பாக்கணும்" என்றாள்.

பூவம்மாவின் புருஷன் பெயர் மண்ணாங்கட்டி. அண்ணன் வேலப்பனுக்குப் பின் பிறந்தவை இரண்டும் தங்காமல் போனதால், எமன் கண்ணில் படக்கூடாது என்று அவனுக்கு வைத்த பெயர். விஷக்காய்ச்சலில் ஊரெல்லாம் சாவு விழுந்த 1918-ஆம் வருஷம் ஐப்பசியில், திருவொற்றியூர்க் குப்பத்திலிருந்து அவன் தனியாகக் கட்டுமரம் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போனான். மறுநாள் எர்ணாவூர்ப் பக்கம் மரம் மட்டும் கரை ஒதுங்கியது. ஆள் வரவில்லை, பிணமும் வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் செய்துவிடலாம் என்று பெரியவர்கள் சொன்னபோது பூவம்மா மறுத்துவிட்டாள். "கடலு எடுத்திருந்தா மூணா நாளு குடுத்திருக்கும். குடுக்கல. நான் தாலிய கழட்ட மாட்டேன்" என்று சொன்னவள்தான், பதினைந்து வருஷமாகப் பூவும் பொட்டும் தாலியுமாக மீன் விற்றுக்கொண்டிருந்தாள். பிள்ளை குட்டி இல்லை. குப்பத்துப் பெண்கள் அவள் காது படவே கேலி பேசினார்கள். அவள் அவர்கள் எல்லாரையும் சேர்த்துத் திருப்பி ஏசினாள்.

சிக்கல் வேலப்பனுக்குத்தான். காரியம் முடியாத வீட்டில் மேளம் கொட்டக்கூடாது என்பது குப்பத்து வழக்கம். அவன் பெண்ணுக்கு வந்த இரண்டு இடங்கள் இதனாலேயே தட்டிப்போயின. வருகிற அமாவாசைக்குக் காரியத்தை முடித்தே தீர வேண்டும் என்று பஞ்சாயத்தைக் கூட்டி நாள் குறித்துவிட்டான். இன்னும் எட்டு நாள் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஜெயவேல் வாயைத் திறந்திருக்கிறான். அவன் மண்ணாங்கட்டியின் பழைய கூட்டாளி, இப்போது துறைமுகத்தில் கூலி. முதல் நாள் கப்பலில் ஜமக்காளம் உதறப் போனவன் சாப்பாட்டு மண்டபத்துப் படத்தைப் பார்த்துவிட்டுக் குப்பத்துக்கு ஓடிவந்து, "அண்ணி, அண்ணன் அந்த சொவத்துல கீது. இடது காது பாதிதான் கீது" என்றானாம். மண்ணாங்கட்டிக்கு இடது காது மடலைச் சின்ன வயதில் தூண்டில் முள் கிழித்துப் போட்டிருந்தது.

"சாயங்காலம் கப்பல் பூடும்னாங்கோ" என்றாள் பூவம்மா. "அது அந்தாளா இல்லியான்னு நான் பாத்துட்டு வந்தாத்தான் அமாவாசைக்கு ஒரு பதில் சொல்ல முடியும். இட்டுகினு போவியா மாட்டியா?"

அவள் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. இதையும் அவள் கெஞ்சலாகக் கேட்கவில்லை, அதட்டலாகத்தான் கேட்டாள். ஆனால் புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டே இருந்தாள். சரி என்றுவிட்டேன்.

வழி இருந்தது. கப்பல்களுக்குக் காய்கறியும் மீனும் ஐஸும் கொடுக்கும் லியோனார்ட் என்ற ராயபுரத்து ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரன் எனக்குத் தோஸ்து. கடைசி நாள் விருந்துக்கு வவ்வால் மீன் கேட்டுக் கப்பல் சமையல்காரன் அவன் உயிரை எடுத்துக்கொண்டிருந்தான். "வவ்வாலோட வந்தா யார் வேணா வரட்டும் மேன்" என்றான் லியோனார்ட். பதினோரு மணிக்கு, தலையில் ஒரு கூடை வவ்வாலோடு பூவம்மா பின்பக்க ஏணியில் ஏறினாள். பயணிகள் பாதிப்பேர் ஊர் பார்க்கப் போயிருந்தார்கள். கூடையைச் சமையலறையில் இறக்கினோம். நடுவில் ஒரு கதவுதான். தள்ளினால் மண்டபம்.

வெறுங்காலோடு அந்தக் கம்பளத்தில் கால் வைத்தவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள். "இன்னா நைனா, சேத்துல வச்ச மாரி கீது" என்றாள். பிறகு நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். இறக்கை வைத்த குழந்தைகளைப் பார்த்தாள். நான் பழக்கதோஷத்தில், "பிரெஞ்சு தேசத்து பாணி" என்று ஆரம்பித்தேன்.

"அதுங்களுக்கு எவனாச்சும் ஒரு முயம் துணி வாங்கிக் குடுங்கடா" என்றாள்.

ஒரு தூணைத் தாண்டும்போது நின்றாள். நடுவிரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். கட்டுமரத்துக்கு மரம் வாங்கும்போது குப்பத்தில் எல்லாரும் அப்படித்தான் தட்டிப் பார்த்து வாங்குவார்கள். உள்ளே உளுத்திருந்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும்.

"இது கல்லுன்னு எந்தப் பேமானி சொன்னான்? மரம். அதுவும் லேசான மரம். மேல பூசிகீறான்."

அந்தப் பேமானியாகிய நான் முன்னால் நடந்தேன். இரண்டு வருஷமாக நான் மிட்டாதார்களுக்கு விற்ற இத்தாலியை அவள் இரண்டு தட்டில் உடைத்துவிட்டாள்.

படத்துக்கு முன்னால் வந்தோம். முதலில் அவள் பார்த்தது கட்டுமரத்தை. பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கவுறே இல்லாம ஆணி அட்ச்சி வச்சிகீறான் பாரு. இத்த எத்துகினு போனா ரெண்டாவது அலையில பொணம்தான்." அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "இவ பொம்ம. எவ பழத்தக் கூடையில வச்சிகினு மணல்ல சிரிச்சிகினு நிப்பா? காக்கா வுடுமா?" எனக்கே உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. முந்தின நாள் ஒரு வக்கீல் அந்தப் பெண்ணைப் பார்த்துக் காவிய நாயகி என்று கண் கலங்கியிருந்தார்.

அப்புறம் அவள் சிரிப்பு நின்றுபோயிற்று. மீன்காரனிடம் வந்துவிட்டாள்.

முதலில் காதைப் பார்த்தாள். கிட்டே போய்ப் பார்த்தாள், எட்டி நின்று பார்த்தாள். அப்புறம் தரையில் குந்தி உட்கார்ந்துகொண்டு அவன் காலைப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே கறுத்துத் தடித்த இரண்டு திட்டுகள் வரைந்திருந்தன. முதல் நாள் ஐந்து தரம் பார்த்தும் என் கண்ணில் அவை படவில்லை. மரத்தின் மேல் மண்டி போட்டுத் துடுப்புப் போடுகிறவர்களுக்கு விழுகிற காய்ப்பு அது. வரைந்தவனுக்கு அது என்னவென்று தெரிந்திருக்காது, கண்டதை அப்படியே வைத்திருக்கிறான்.

"அந்தாளுதான்" என்றாள்.

"காணாமப் போறதுக்கு முன்னாடி இங்க கரையில வரைஞ்சிருக்கலாம், பூவம்மா. பழைய படமா இருக்கும்" என்றேன். நல்லது செய்வதாக நினைப்பு.

அவள் எழுந்து நின்றாள். கை நீட்டி, சுவரில் கை படாமல், அவன் தலையைக் காட்டினாள். காதுக்கு மேலே கற்றையாக நரை. இடுப்புத் துணிக்கு மேலே சின்னதாகத் தொப்பை.

"அந்த மரம் பொய்யி. அந்தப் பொம்பள பொய்யி. எல்லாத்தையும் அயகா காட்டணும்னு வரஞ்சவன் எதுக்கு நைனா நரைய வரயறான்? தொப்பைய எதுக்கு வரயறான்? கண்ணால பாத்துதான் வரஞ்சிகீறான். காணாப் போனப்ப அந்தாளுக்கு முப்பது வயசு. ஒரு முடி நரைக்கல." என் முகத்தைப் பார்த்தாள். "செத்தவனுக்கு நரைக்குமா?"

அந்தக் கப்பலில் கலையைப் பற்றிப் பேசினவர்கள் எத்தனையோ பேர். படத்தை உண்மையில் பார்த்தவள் அவள் ஒருத்திதான். என் புத்தகத்தைத் தூக்கிக் கடலில் எறியலாம் என்று வந்தது. எறியவில்லை, மேனேஜர் துரை கேட்பார்.

அப்போது மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி எழுந்து வந்தாள். கைப்பிடி வைத்த கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் படத்தைப் பார்த்தாள், பூவம்மாவைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். பூவம்மாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. கிழவிக்குப் பரம திருப்தி. "பார்த்தாயா, கலைக்கு மொழி கிடையாது! இந்த எளிய பெண்ணின் மனதைக்கூட அது தொட்டுவிட்டது" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். அதோடு விட்டாளா? பையிலிருந்து ஒரு சின்னக் காமிராவை எடுத்தாள். பூவம்மா அந்தப் படத்து மீன்காரன் பக்கத்தில் போய் நிற்க வேண்டுமாம். இரண்டு பேரும் ஒரே ஜாடையாக, ரொம்பப் பொருத்தமாக இருக்கிறார்களாம்.

"இன்னா சொல்றா கெயவி?" என்றாள் பூவம்மா.

சொன்னேன். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம், எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

பூவம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தாளு செத்துட்டான், செத்தவன் பக்கத்துல நான் நிக்க மாட்டேன்னு சொல்லு" என்றாள்.

"இவளுக்கு வெட்கம், அம்மணி" என்றேன் நான் கிழவியிடம். கிழவி அதற்கும் மகிழ்ந்து போனாள்.

பூவம்மா திரும்பிப் பார்க்காமல் சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். நான் ஒரு நிமிஷம் பின்தங்கினேன். படத்துச் சட்டத்தின் அடியில் பித்தளைத் தகடு ஒன்று இருந்தது. வரைந்தவன் பெயர், பினாங்கு, 1931. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கூலி ஆள் ஏற்றிப் போன கப்பல்கள் அந்த நாளில் எத்தனையோ. மரத்தைக் கடலில் தள்ளிவிட்டுக் கரையோரமாகத் துறைமுகம் வரை நடக்க ஒரு ராத்திரி போதும். ஊரே பிணம் எடுத்துக்கொண்டிருந்த வருஷத்தில் ஒருத்தன் காணாமல் போவதற்கு மெனக்கெடவே வேண்டியதில்லை. தகட்டில் படித்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

சாயங்காலம் அவளோடு குப்பத்துக்கு நானும் போனேன். படித்தவன் ஒருவன் சாட்சி சொல்ல வேண்டுமென்று வேலப்பன் சொல்லி அனுப்பியிருந்தான். கரையில் வலை உலர்த்துகிற இடத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். ஜெயவேல் முன்னால் நின்றான், பெரிய புதையலைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் மாதிரி முகம்.

"பாத்தியா? அவந்தானா?" என்றான் வேலப்பன்.

"பாத்தேன். உன் தம்பி செத்துட்டான். ஆவ வேண்டியத பாருங்கோ" என்றாள் பூவம்மா.

"அப்ப படத்துல கீறது?"

"எவனோ ஒரு பேமானி."

ஜெயவேல் துள்ளினான். "அண்ணி, காது! பாதி காது இல்ல, நானே பாத்தேன்!"

"காது கியிஞ்சவன் லோகத்துல ஒருத்தன் தானா? போடா, ஜமக்காளம் உதறப் போனவன் ஜமக்காளத்தப் பாக்கறதுதான?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பூவம்மா மட்டும் பார்க்கவில்லை, கடல் பக்கம் திரும்பி நின்றாள். "வேற ஆள்தான்" என்றேன். அத்தனை கூட்டங்களுக்கு அந்தக் கப்பலைப் பற்றி நான் சொன்ன பொய்களில் கூச்சப்படாமல் சொன்னது இது ஒன்றுதான்.

அமாவாசையன்று காரியம் நடந்தது. பதினைந்து வருஷம் குப்பம் முழுவதும் சேர்ந்து கழற்ற முடியாத தாலியை அவள் தானே கழற்றினாள், மற்ற பெண்களைக் கை வைக்க விடவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையாம். "நெஞ்சழுத்தக்காரி, புருஷன் செத்ததுக்கு அழாதவள்" என்று குப்பத்தில் பேசினார்கள், காலடிப்பேட்டையிலும் பேசினார்கள், என் வீட்டில் குணசுந்தரியும் பேசினாள். இவர்கள் வாய்க்கு அவள் தாலியோடு இருந்தபோதும் தீனி, இல்லாதபோதும் தீனி. வைகாசியில் வேலப்பன் பெண்ணுக்கு மேளம் கொட்டிற்று. கல்யாணத்துக்கு வேண்டிய மீன் மொத்தமும் பூவம்மா கொண்டுவந்து இறக்கிவிட்டு, பந்தலுக்குள் வராமல் போய்விட்டாள்.

மறு மாசியில் லேடி மார்ஜரி மறுபடி வந்தது. கணப்பில் பொய்க்கரி அப்படியே இருந்தது. நான் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு அதே படத்தின் முன் நின்றேன். ஒரு ஜட்ஜின் சம்சாரம் மீன்காரனைக் காட்டி, "என்ன நிம்மதி பாருங்கள் இந்த மனிதர்களுக்கு! ஒரு கவலை உண்டா?" என்றாள். "வர்ணச் சேர்க்கையைக் கவனியுங்கள்" என்றேன். சோறு அப்படி. ஆனால் உயிரோடு இருக்கிறவன் ஊர் பெயர் எனக்குத் தெரியும், பூவம்மாவுக்குத் தெரியாது. அது நியாயமில்லை என்று தோன்றியது.

மறுநாள் காலையில் அவள் வந்தாள். குணசுந்தரி சட்டி எடுக்க உள்ளே போயிருந்தாள். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, படத்துக்குக் கீழே பினாங்கு என்று போட்டிருந்ததையும், வரைந்தவன் பெயர் இருந்ததையும் சொன்னேன். கம்பெனிக்கு அங்கே கிளை உண்டு, விசாரித்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்றேன்.

பூவம்மா மீனைக் கூறு வைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"நீ இன்னா எழுதணும்னாலும் சொல்லு பூவம்மா. நான் கடுதாசி எழுதிப் போடறேன்" என்றேன்.

"செத்தவனுக்கு இன்னா வெலாசம் போடுவ நைனா?" என்றாள்.